இருட்டில் யானை, பாம்பு, வழிப்பறி... 'டாக்டிக்கல் டார்ச்' காப்பாத்துமா? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, மாரண்டஅள்ளி, பென்னாகரம் பக்கம் ராத்திரி மோட்டார் போடப் போகும் விவசாயிகள் கையில் கண்டிப்பா ஒரு டார்ச் இருக்கும். ஷிஃப்ட் வேலை முடிச்சு கடைசி பஸ்ஸில் வந்து இறங்கி, ஊருக்குள் தனியா நடப்பவர்களுக்கு செல்போன் லைட்தான் துணை.

இவங்களைக் குறிவச்சுத்தான் 'டாக்டிக்கல் ஃபிளாஷ்லைட்' விளம்பரங்கள் இப்போ போனில் வரிசைகட்டி வருது. "10,000 லூமன்", "1 கிலோமீட்டர் அடிக்கும்", "தற்காப்பு ஆயுதம்" என்றெல்லாம் சொல்றாங்க. இதில் எது நிஜம்? எதைப் பார்த்து வாங்கணும்? எளிமையா பார்க்கலாம்.

டாக்டிக்கல் டார்ச்னா என்ன?

போலீஸ், ராணுவப் பயன்பாட்டுக்காக வடிவமைச்ச டார்ச் வகையின் பெயர் இது. சாதா டார்ச்சில் இருந்து மூணு விஷயத்தில் மாறுபடும். ஒன்று, சுவிட்ச் பின்பக்கம் இருக்கும், கட்டைவிரலால் ஒரே அழுத்து, முழு வெளிச்சம் வந்துடும். இரண்டு, அலுமினிய உடம்பு, கீழே விழுந்தாலும் சீக்கிரம் உடையாது. மூணு, 'ஸ்ட்ரோப்' எனப்படும் வேகமா விட்டு விட்டு மின்னும் வெளிச்சம். சிலதில் முன்பக்க விளிம்பு பல் பல்லா இருக்கும்.

தர்மபுரிக்கு இது ஏன் முக்கியம்?

மாவட்டத்தின் மேற்குப் பக்கம் முழுக்க காடு. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அறிவிச்ச காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் சுமார் 686 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருக்கு. காட்டை ஒட்டிய வயலுக்கு யானையும் வரும், காட்டுப்பன்றியும் வரும்.

பயிரைக் காப்பாத்த சிலர் எடுத்த விபரீத வழி என்ன ஆச்சுன்னு மாவட்டமே பார்த்தது. 2023 மார்ச் 7-ம் தேதி, மாரண்டஅள்ளி அருகே காளி கவுண்டன் கொட்டாய் பகுதியில் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 பெண் யானைகள் இறந்தன. கூட வந்த 2 குட்டிகள் மட்டும் தப்பின. நில உரிமையாளர் கைது செய்யப்பட்டார். யானைக்கு வைக்கும் அதே கம்பியில் இருட்டில் நடந்து போகும் மனுஷனும் சிக்கலாம். அதே 2023-ல்தான் மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்த தமிழ்நாடு அரசு தனி விதிகளைக் கொண்டு வந்தது.

அதனால, ராத்திரி வெளியே போறவங்களுக்கு டார்ச் அவசியம்தான். ஆனா அது செய்யும் உண்மையான வேலை, ஆபத்தைத் தூரத்திலேயே காட்டி நமக்கு நேரம் வாங்கிக் கொடுப்பது. வாங்கும்போது பார்க்க வேண்டிய ஒவ்வொரு அம்சமும் இந்த ஒரு கணக்கில்தான் அடங்குது.

அந்த நேரம் எவ்வளவு?

ஆசிய யானைகளை தாய்லாந்தில் ஓடவிட்டு அளந்த ஆய்வு ஒன்று 2003-ல் வெளியானது. அதில் பதிவான அதிகபட்ச வேகம் மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர். அதாவது, ஒரு நொடிக்கு 7 மீட்டர்.

செல்போன் லைட்டில் யானை தெரியுறப்போ, அது ரொம்பப் பக்கத்தில் வந்திருக்கும். 20 மீட்டர்னா உங்க கையில் இருப்பது 3 நொடி. 100 மீட்டரில் தெரிஞ்சா 14 நொடி. அதோட, அவ்வளவு தூரத்தில் இருக்கும் யானை உங்களைப் பொருட்படுத்தாமல் போகவும் வாய்ப்பு இருக்கு. சத்தம் போடாம வந்த வழியே திரும்பிடலாம்.

லூமன் பார்க்கணுமா, கேண்டெலா பார்க்கணுமா?

லூமன் என்பது டார்ச்சில் இருந்து வரும் மொத்த வெளிச்சம். கேண்டெலா என்பது அந்த வெளிச்சம் ஒரே திசையில் எவ்வளவு குவியுதுன்னு சொல்றது. தூரம் தெரியணும்னா கேண்டெலாதான் முக்கியம்.

நல்ல தயாரிப்புகளின் அட்டையில் 'எஃப்எல்1' என்ற அளவுமுறைப்படி தூரம் போட்டிருப்பாங்க. அதன் கணக்கு சுலபம். கேண்டெலாவின் வர்க்கமூலத்தை 2-ஆல் பெருக்கினா மீட்டர் வந்துடும். 2,500 கேண்டெலான்னா 100 மீட்டர். 10,000 கேண்டெலான்னா 200 மீட்டர்.

இங்கேதான் ஒரு சூட்சுமம். அந்தக் கடைசி மீட்டரில் கிடைப்பது பௌர்ணமி நிலா வெளிச்சம் அளவுதான். அங்கே ஏதோ நிக்குதுன்னு தெரியும், என்னன்னு தெரியாது. அதனால அட்டையில் போட்ட தூரத்தில் பாதியைக் கணக்கில் வச்சுக்கோங்க. 100 மீட்டரில் தெளிவா பார்க்கணும்னா, 200 மீட்டர்னு போட்ட டார்ச் வேணும்.

"10,000 லூமன்" சாத்தியமா?

சின்ன டார்ச்சில், ஒரே பேட்டரியில் சாத்தியமே இல்ல. கணக்கு போட்டுப் பார்த்தாலே தெரிஞ்சிடும்.

இன்றைய எல்இடி ஒரு வாட் மின்சாரத்துக்கு 100 முதல் 150 லூமன் கொடுக்கும். 10,000 லூமன் வேணும்னா 70 முதல் 100 வாட் தேவை. டார்ச்சில் போடும் '18650' ரக லித்தியம் பேட்டரி முழுசா சார்ஜ் ஆனாலும் அதில் இருப்பது 12 வாட்-மணி அளவு மின்சாரம்தான். நிஜமாவே 10,000 லூமன் கொடுத்தா, பத்து நிமிஷத்துக்குள் பேட்டரி காலி.

500 லூமனுக்கு 5 வாட் போதும். அதே பேட்டரி 2 மணி நேரத்துக்கு மேல தாங்கும். வயலுக்குப் போய் வர அதுவே தாராளம்.

பேட்டரியிலும் இதே கதைதான். 18650 ரகத்தில் நல்ல பேட்டரியின் கொள்ளளவு 3,500 எம்ஏஹெச் பக்கத்தில்தான் நிக்கும். "9,900 எம்ஏஹெச்"னு ஒட்டியிருந்தா, கண்ணை மூடிட்டு அதை ஒதுக்கிடலாம். பேட்டரியில் பிஐஎஸ் முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கான்னு பாருங்க.

'டர்போ' வெளிச்சம் சில நிமிஷம்தான் நிக்கும். டார்ச் சூடானதும் தானா குறைஞ்சிடும். அட்டையில் உள்ள எரியும் நேரம்கூட, வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்குமான கணக்கு.

பாம்புக்கு எந்த டார்ச்?

யானையை விட அதிகம் கவனிக்க வேண்டியது காலடியை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம்னு ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. வருஷத்துக்கு சராசரியா 58,000 பேர். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிச்சது.

பாம்பைப் பார்க்க 200 மீட்டர் டார்ச் உதவாது. குவிஞ்ச வெளிச்சம் ஒரு சின்ன வட்டத்தை மட்டும் காட்டும், பக்கத்தில் இருப்பது தப்பிடும். நல்லா விரிஞ்ச வெளிச்சம் வேணும். இரண்டு விதமாகவும் மாத்தக்கூடிய டார்ச் இருந்தா நல்லது.

நிறமும் முக்கியம். நீலம் அடிக்கும் வெள்ளை வெளிச்சத்தில் மண்ணும் சருகும் ஒரே மாதிரி தெரியும். சுருட்டை விரியன், கண்ணாடி விரியன் ரெண்டுமே மண்ணோடு, சருகோடு கலந்துபோகும் நிறம். 4,000 முதல் 5,000 கெல்வின்னு போட்ட வெளிச்சத்தில் நிறங்கள் பிரிஞ்சு தெரிய வாய்ப்பு அதிகம்.

டார்ச்சை இடுப்புக்குக் கீழே பிடிச்சு, முன்னாடி தரையில் அடிங்க. பொருட்களோட நிழல் நீளமா விழும், பாம்பு இருந்தா மேடு தெரியும். நெற்றியில் கட்டும் ஹெட்லைட் மோட்டார் ரூமில் வேலை செய்ய வசதி. ஆனா வெளிச்சமும் கண்ணும் ஒரே உயரத்தில் இருப்பதால் இந்த நிழல் கிடைக்காது.

கண் மினுமினுத்தாதான் விலங்கா?

நாய், சிறுத்தை, மான் ஆகியவற்றின் கண்ணில் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கு. அதனால டார்ச் பட்டா மின்னும். பன்றி இனத்துக்கு அந்தப் படலம் கிடையாது. "கண் எதுவும் தெரியல"ன்னு நம்பி, காட்டுப்பன்றி இருக்கும் கரும்புக் காட்டுக்குள் போயிடாதீங்க.

ஸ்ட்ரோப் அடிச்சா ஓடிடுமா?

யானை மேல இதைச் சோதிச்சுப் பார்க்கவே கூடாது. திடீர்னு முகத்தில் அடிக்கும் வெளிச்சம் அதை மிரள வைக்கலாம், குட்டியோடு இருந்தா இன்னும் மோசம். யானை நிக்குதுன்னு தெரிஞ்சதும் வெளிச்சத்தைத் தாழ்த்தி, விலகி வந்து, வனத்துறைக்குச் சொல்வதுதான் பாதுகாப்பு.

மனுஷன் விஷயத்தில் கொஞ்சம் உதவும். இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும். அப்படிப் பழகின கண்ணில் பளிச்சுனு அடிச்சா, சில நொடிகளுக்கு எதிராளிக்கு ஒண்ணும் சரியா தெரியாது. அந்த நொடிகளில் ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்துக்கு ஓடிடணும். தெருவிளக்கு எரியும் இடத்தில் இதன் பலன் ரொம்பக் குறைவு. பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பினா உங்க கண்ணும் கூசும்.

பல் வச்ச விளிம்பை நம்பி சண்டைக்கு நிக்க வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருது. ஆனா தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டிக் காயப்படுத்தினா, அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

இன்னொரு விஷயம், சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாம நுழைவது குற்றம். ராத்திரி காட்டுக்குள் டார்ச் அடிச்சுட்டுப் போனா, வேட்டைக்கு வந்தவர்னு சந்தேகம் வரும்.

கடையில் என்ன கேட்கணும்?

• 300 முதல் 1,000 லூமன், 10,000 கேண்டெலா பக்கம்
• குவிக்கவும் விரிக்கவும் வசதி
• மழை, வாய்க்காலுக்கு 'ஐபிஎக்ஸ்7'. 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிஷம் தாங்கும்
• முதல் அழுத்திலேயே முழு வெளிச்சம். ஐந்தாறு முறை அழுத்தினா மட்டும் வருவது அவசரத்துக்கு ஆகாது
• பேட்டரியைக் கழற்றி மாத்தும் வசதி, கூடவே ஒரு மாற்று பேட்டரி

வாங்கியதும் வீட்டு மாடியிலோ வயலிலோ இருட்டில் ஒருமுறை அடிச்சுப் பாருங்க. 100 அடி தள்ளி நிற்கும் ஆள் யார்னு அடையாளம் தெரியலைன்னா, திருப்பிக் கொடுத்துடுங்க.

ஆபத்து வந்தா?

தாக்குதல்னா 112, பெண்கள் 181-ஐயும் அழைக்கலாம். பாம்பு கடிச்சா கயிறு கட்டுவது, கீறி விடுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காம வச்சு, 108-ஐ அழைச்சு, அரசு மருத்துவமனைக்குப் போயிடணும். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். கட்டு விரியன் கடிச்சா வலியோ வீக்கமோ தெரியாமலே போகலாம், அதனால சந்தேகம்னாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க.