ஓராண்டு வளர்ப்பு, ஒருவருக்கு வழித்துணை: வழிகாட்டி நாய்க்குட்டிகளை வளர்க்கும் தொண்டு

மாசாய், பாசீர் கூடாங், பிளெந்தோங் வட்டாரத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று வருவோர் நம்மவர்களில் பலர். அங்கே எம்ஆர்டி ரயிலில் எப்போதாவது பார்வையற்ற ஒருவரின் காலடியில் ஒரு லாப்ரடோர் நாய் அமைதியாகப் படுத்திருப்பதைச் சிலர் பார்த்திருக்கலாம். கூட்டம் நெருக்கினாலும் அது குரைப்பதில்லை. யாரோ கையில் வைத்திருக்கும் பொட்டலத்தை முகர்வதும் இல்லை. நிலையம் வந்ததும் எழுந்து, தன் எசமானரைக் கதவு வரை கொண்டுபோய் விடுகிறது.

இவ்வளவு பொறுமையை அந்த நாய் எங்கே கற்றது? பயிற்சிப் பள்ளியில் என்றுதான் நாம் நினைப்போம். பாதிதான் சரி. மீதிப் பாதியைக் கற்றுக்கொடுத்தது ஒரு சாதாரணக் குடும்பம். எட்டு வாரக் குட்டியாக வாங்கி, ஓராண்டுக்கு மேல் தங்கள் வீட்டில் வளர்த்து, பிறகு திருப்பிக் கொடுத்துவிட்ட குடும்பம். சம்பளம் இல்லாத இந்தத் தொண்டு எப்படி நடக்கிறது, நம் ஊருக்கு இதில் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

போரில் தொடங்கிய கதை

முதல் உலகப் போரில் கண்ணிழந்த ஜெர்மானியப் போர்வீரர்களுக்காக 1916இல் ஓல்டன்பர்க் நகரில் ஒரு பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. இன்றைய முறைகளுக்கு அதுவே முன்னோடி. டோரத்தி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி ஜெர்மனியில் இந்தப் பயிற்சியைக் கண்டு 1927இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதினார். அதைப் படிக்கக் கேட்ட மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞர் அவருக்குக் கடிதம் போட்டார். யூஸ்டிஸ் அப்போது இருந்த சுவிட்சர்லாந்துக்கே 1928இல் சென்று, படி என்ற நாயுடன் அமெரிக்கா திரும்பினார். அடுத்த ஆண்டே ‘சீயிங் ஐ’ என்ற அமெரிக்கப் பள்ளி உருவானது. பிரிட்டனில் முதல் நான்கு வழிகாட்டி நாய்கள் 1931இல் பயிற்சி முடித்தன.

அந்தக் காலத்தில் வளர்ந்த நாய்களைத் தேர்ந்தெடுத்துத்தான் பயிற்சி கொடுத்தார்கள். வளர்ந்த நாயின் பழைய பயங்களை மாற்றுவது சிரமம். குட்டியிலிருந்தே வீட்டில் வைத்து வளர்த்தால் என்ன என்ற யோசனை அதிலிருந்து வந்தது. சீயிங் ஐ நிறுவனம் 1942இல் நியூ ஜெர்சியின் கிராமப்புற இளைஞர் மன்றப் பிள்ளைகளிடம் குட்டிகளை ஒப்படைத்தது. பிரிட்டனில் இதே போன்ற திட்டம் 1956இல் தொடங்கியது. இன்று வழிகாட்டி நாய்ப் பள்ளிகளில் பெரும்பாலானவை தொண்டூழியக் குடும்பங்களை நம்பியே நடக்கின்றன. அமெரிக்காவில் 1997இல் தொடங்கப்பட்ட ஒரு திட்டத்தில் சிறைக்கைதிகளும் குட்டிகளை வளர்க்கிறார்கள்.

கூண்டில் வளர்த்தால் ஆகாதா?

ஆகாது. அதற்குக் காரணம் நாயின் வளர்ச்சியிலேயே இருக்கிறது. ஏறக்குறைய மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை குட்டியின் மனம் திறந்திருக்கும் காலம். அப்போது பார்த்ததும் கேட்டதும் அதற்குச் சகஜமாகிவிடும். அப்போது அறியாதவை பின்னாளில் பயமாக மாறலாம். கூண்டிலேயே வளர்ந்த குட்டிக்கு லாரியின் காற்றடைப்பான் சத்தமும் மின்படிக்கட்டும் பூதமாகத் தெரியும். பயப்படும் நாயை நம்பி ஒருவர் சாலையைக் கடக்க முடியாது.

அதனால்தான் குட்டிக்கு வீடு தேவை. மிக்ஸி சத்தம், குக்கர் விசில், அழும் குழந்தை, சக்கர நாற்காலியில் தாத்தா, மழை, இடி, சந்தை, பேருந்து என வாழ்க்கையின் சத்தமெல்லாம் அதன் காதில் விழ வேண்டும்.

வளர்ப்பவரின் வேலை என்ன?

பள்ளிக்குப் பள்ளி விதிகள் மாறும். பொதுவாக நடப்பது இதுதான்:

• குட்டி ஏறத்தாழ எட்டு வார வயதில் வீட்டுக்கு வரும். ஒரு வயதைக் கடக்கும் வரை, சில இடங்களில் பதினைந்து பதினாறு மாதம் வரை, உங்களிடம் இருக்கும்.

• சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் மலஜலம் கழிக்கப் பழக்க வேண்டும். பார்வையற்ற ஒருவர் நாயின் கழிவைத் தேடி அலைய முடியாது என்பதால் இதற்கு முதலிடம்.

• சாப்பாட்டு மேசைக்கு அருகே வந்து கெஞ்சக் கூடாது. கீழே விழுந்த கோழி எலும்பையும் தொடக் கூடாது. நம் வீட்டில் இதுதான் மிகக் கடினம். பாட்டி பாசத்தோடு கொடுக்கும் ஒரு துண்டு வடையே மாதக்கணக்கான பழக்கத்தைக் கெடுத்துவிடும்.

• சங்கிலியை இழுக்காமல் நடக்க வேண்டும். பூனை, கோழி, தெருநாய் எதைக் கண்டாலும் துரத்தக் கூடாது. வந்தவர் மேல் தாவக் கூடாது.

• நாள்தோறும் வெளியே கூட்டிப்போக வேண்டும். வாரந்தோறும் புதிய இடம் ஒன்றைக் காட்ட வேண்டும்.

• பள்ளியின் அலுவலர் வந்து பார்ப்பார். வகுப்புகளுக்கும் போக வேண்டும். தீவனம், கால்நடை மருத்துவர் செலவுகளைப் பல பள்ளிகள் ஏற்றுக்கொள்கின்றன. நேரமும் பொறுமையும்தான் குடும்பம் கொடுப்பது.

ஒரு வேலையை மட்டும் வளர்ப்பவர் செய்வதில்லை. வழிகாட்டும் பயிற்சியை அவர் கொடுப்பதில்லை. நல்ல பழக்கமும் துணிச்சலும் உள்ள நாயாக வளர்த்துக் கொடுப்பதோடு அவர் பங்கு முடிகிறது.

அதற்குப் பிறகு

பள்ளிக்குத் திரும்பும் நாய்க்குச் சில மாதங்கள் தொழில்முறைப் பயிற்சி நடக்கும். படிக்கட்டின் விளிம்பில் நிற்பது, தலைக்கு மேல் தொங்கும் கிளையையும் கணக்கில் எடுத்து விலகிப்போவது, பள்ளத்தைத் தவிர்ப்பது ஆகியவை அங்கே கற்பிக்கப்படும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சரிசெய்ய வேண்டும். வழிகாட்டி நாய்க்கு முகவரி தெரியாது. போக்குவரத்து விளக்கின் நிறத்தைப் பார்த்து அது முடிவு செய்வதும் இல்லை. எங்கே போக வேண்டும், எப்போது கடக்க வேண்டும் என்பதைக் காதால் கேட்டு முடிவு செய்பவர் மனிதர்தான். வழியில் உள்ள ஆபத்தைப் பார்ப்பது நாய். “போ” என்று சொல்லும்போது ஒரு கார் வந்தால் அது நகராது. கட்டளையை மீற வேண்டிய நேரம் எது என்பதையும் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பயிற்சியின் உச்சம்.

பிறகு பொருத்தம் பார்ப்பார்கள். பார்வையற்றவரின் நடை வேகம், உயரம், வேலை, வீட்டுச் சூழல் எல்லாம் நாயின் குணத்தோடு ஒத்துப்போக வேண்டும். சில வாரங்கள் இருவரும் சேர்ந்து பழகுவார்கள். எட்டு, பத்து வயது வாக்கில் நாய் ஓய்வு பெறும்.

எல்லாக் குட்டிகளும் தேறுவதில்லை. சத்தத்துக்குப் பயப்படுவது, மூட்டுக் கோளாறு, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு எனக் காரணங்கள் பல. அப்படிப்பட்டவை வேறு பணிக்குப் போகும், அல்லது வீட்டு நாயாகும். வளர்த்த குடும்பத்துக்கே அதை முதலில் கேட்கும் உரிமையைப் பல பள்ளிகள் தருகின்றன.

பிரிவுதான் பெரிய சோதனை

இந்தத் தொண்டுக்கு வர நினைப்பவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி: “வளர்த்ததை எப்படிக் கொடுப்பது?” வலிக்காது என்று எந்தப் பள்ளியும் சொல்வதில்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் முதல் நாளிலேயே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். “இது நம்முடையது இல்லை. ஒருவருக்காக வளர்க்கிறோம்” என்று தெரிந்து வளர்க்கும் பிள்ளைக்கு, கடைசி நாளில் அழுகை வரும், ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் வராது. மகளைக் கட்டிக் கொடுத்து அனுப்பும் வீட்டில் இருக்கும் கலக்கமும் நிறைவும் கலந்த மனநிலை என்று இதைச் சொல்லலாம்.

நம் நாட்டு நிலவரம்

சிங்கப்பூரில் வழிகாட்டி நாய்கள் சங்கம் 2006இல் அமைந்தது. 2011இல் எஸ்மி என்ற நாயுடன் நடமாடத் தொடங்கிய கசாண்ட்ரா சியூ, அங்கே வழிகாட்டி நாயைப் பயன்படுத்திய முதல் பெண்மணி. பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் இந்த நாய்களுக்கு அனுமதி உண்டு. அங்கே பணியாற்றிய நாய்கள் பல, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பயிற்சி பெற்று வந்தவை. அதாவது, பாலத்துக்கு அப்பால் ஒருவர் நிம்மதியாக வேலைக்குப் போக, எங்கோ தொலைவில் ஒரு குடும்பம் ஓராண்டு உழைத்திருக்கிறது.

மலேசியாவில் கதை வேறு. கிளாக்கோமா நோயால் பார்வை இழந்த ஸ்டீவன்ஸ் சான், லாஷான் என்ற வழிகாட்டி நாயுடன் கோலாலம்பூர் வட்டாரத்தில் நடமாடத் தொடங்கியபோது, பேரங்காடிகளிலும் பொதுப் போக்குவரத்திலும் தடுக்கப்பட்ட செய்திகள் நாளேடுகளில் வந்தன. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 26, 27ஆம் பிரிவுகள், பொது இடங்களையும் பொதுப் போக்குவரத்தையும் பயன்படுத்தும் உரிமையை மாற்றுத்திறனாளிகளுக்குத் தருகின்றன. ஆனால், கூட வரும் நாயின் உரிமையைத் தனியாகச் சொல்லும் பிரிவு அதில் இல்லை. ஜப்பான் 2002இல் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. இங்கே வாசலில் நிற்கும் பாதுகாவலரின் முடிவே சட்டமாகிவிடுகிறது.

குட்டி வளர்ப்புக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. கடைத்தொகுதிக்குள்ளும் ரயிலுக்குள்ளும் கூட்டிப்போக முடியாத குட்டிக்கு அந்த இடங்களை எப்படிப் பழக்குவது? கதவு திறக்காத ஊரில் நாயைத் தயார் செய்ய முடியாது. தயாரான நாய் கண்ணில் படாத ஊரில் கதவும் திறக்காது.

அண்டை அயலாரின் சமய உணர்வும் முக்கியம். ஷாஃபி வழிமுறையைப் பின்பற்றும் முஸ்லிம்கள், நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். இருபக்கமும் உலர்ந்த நிலையில் பட்டால் அந்தக் கட்டாயம் இல்லை என்றே அவ்வழி அறிஞர்கள் விளக்குகிறார்கள். யாரையும் நக்காமல், யார் மேலும் உரசாமல் இருக்கப் பழகிய நாய் இந்த மரியாதையைக் காப்பாற்றும். வரிசை வீடுகளில் நாய் வளர்ப்போர் எவருக்கும் இது நல்ல பாடம்.

மாசாயில் இருந்துகொண்டு என்ன செய்யலாம்?

தோட்டத்து லயன்களில் நாய் என்றால் காவல்தான். வாசலில் கட்டிப்போட்டு, மிச்ச சோற்றைப் போட்டு வளர்த்த பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. வழிகாட்டி நாய் வளர்ப்பில் உள்ள பாதியையாவது நம் வீட்டு நாய்க்குச் செய்யலாம். தடுப்பூசி போடுங்கள். ஊராட்சி மன்றத்தின் உரிமம் எடுங்கள். நாள்தோறும் நடக்கவிடுங்கள். நடுப்பகலில் தார்ச்சாலையில் கூட்டிப்போகாதீர்கள். உங்கள் புறங்கையைச் சில விநாடிகள் சாலையில் வைத்துப் பாருங்கள்; உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

வழிகாட்டி நாயை எங்காவது கண்டால் தடவாதீர்கள், கூப்பிடாதீர்கள், தின்பண்டம் நீட்டாதீர்கள். சேணம் மாட்டியிருக்கும் வரை அது பணியில் இருக்கிறது. உதவி வேண்டுமா என்று மனிதரிடம் கேளுங்கள். உணவகமோ கடையோ நடத்துபவர்கள், இது செல்லப்பிராணி இல்லை, ஒருவரின் கண் என்பதைப் பணியாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

படிப்புக்கோ வேலைக்கோ ஆஸ்திரேலியா, பிரிட்டன் சென்றிருக்கும் நம் பிள்ளைகள், அங்குள்ள பள்ளிகளிடம் தொண்டூழியத்துக்குப் பெயர் கொடுக்கலாம். ஓராண்டு முழுவதும் முடியாதவர்கள், வளர்ப்புக் குடும்பம் விடுமுறைக்குப் போகும் சில நாள்களுக்கு மட்டும் குட்டியைப் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பும் பல இடங்களில் உண்டு.

இது யாரோ ஒருவரின் பிரச்சினை என்று நாம் ஒதுங்க முடியாது. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது அதிகம். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு கண்ணின் விழித்திரையைக் கெடுக்கிறது. அதனால், நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்வது முதல் கடமை. அதையும் மீறிப் பார்வை போனால், அவர் வீட்டு மூலையில் முடங்க வேண்டுமா, பேருந்து ஏறி வேலைக்குப் போக வேண்டுமா என்பதை நாம் திறந்து வைக்கும் கதவுகள்தான் தீர்மானிக்கும்.

சீயிங் ஐ பள்ளியில் முதல் நாயைப் பெறும் ஒருவர் 150 டாலர் கட்டுகிறார். உண்மைச் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. பெறுபவர் யாசகம் வாங்கியதாக நினைக்காமல், தன் உழைப்பில் பெற்றதாக நினைக்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் கட்டணம். தொண்டு செய்ய முன்வரும் குடும்பமும் இந்த மனநிலையோடு வந்தால் போதும். நாம் கொடுப்பது இரக்கம் அன்று. இன்னொருவர் தன் விருப்பப்படி வீட்டை விட்டு வெளியே போவதற்கான உரிமை.