ஒரே வரி... 37 ஃபைல் காலி!

ராத்திரி மணி ரெண்டு. விடிஞ்சா மினி புராஜெக்ட் ரிவ்யூ. வானிலை அளக்கும் எங்கள் புரோகிராமில் ‘டெம்ப்’ என்று இருப்பதையெல்லாம் ‘டெம்பரேச்சர்’ என்று முழுசாக மாற்றச் சொல்லியிருந்தார் கைடு. மொத்தம் 37 ஃபைல்!

‘‘ஒரே வரில முடிச்சுடலாம் மச்சி’’ என்று ரூம்மேட்டிடம் ஸீன் போட்டுவிட்டு, லினக்ஸில் ‘செட்’ கமாண்டைத் தட்டினேன். ஒரே நொடி. வேலை முடிந்தது. திறந்து பார்த்தால்... ‘டெம்ப்ளேட்’ எல்லாம் ‘டெம்பரேச்சர்லேட்’! ஒழுங்காக இருந்த ‘டெம்பரேச்சர்’கூட ‘டெம்பரேச்சரரேச்சர்’! புரோகிராம் படுத்துவிட்டது.

யார் இந்த செட்? யுனிக்ஸுக்காக 1970-களில் பெல் ஆய்வகத்தில் லீ மக்மஹோன் எழுதிய ‘ஸ்ட்ரீம் எடிட்டர்’. ஃபைலை வரிவரியாகப் படித்து, சொன்னதை மாற்றி, திரையில் காட்டும். எழுதும் முறை சிம்பிள். ‘எஸ்’, சாய்கோடு, பழைய சொல், சாய்கோடு, புதுச் சொல், சாய்கோடு. கடைசியில் ‘ஜி’ போட்டால் வரி முழுக்க மாறும். போடாவிட்டால் ஒவ்வொரு வரியிலும் முதலாவது மட்டும்தான்.

ஒரிஜினல் ஃபைலை அது தானாகத் தொடாது. ‘ஹைஃபன் ஐ’ சேர்த்தால்தான் ஃபைலிலேயே கை வைக்கும். நான் சேர்த்திருந்தேன்! ‘நிஜமாவா?’ என்று அது கேட்காது. ‘அன்டூ’வும் கிடையாது. அதற்கு அர்த்தமெல்லாம் தெரியாது பாஸ், எழுத்து மட்டும்தான் தெரியும்.

என்னை மாதிரி முழிக்காமல் இருக்க...

* முதலில் ‘கிரெப்’ கமாண்ட் போட்டு, அந்த எழுத்துகள் எங்கெல்லாம் ஒளிந்திருக்கு என்று பாருங்க.

* ‘ஹைஃபன் ஐ’ இல்லாமல் ஒருமுறை ஓட்டி, திரையில் சரிபாருங்க.

* தனிச்சொல் மட்டும் மாற, லினக்ஸில் அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் ‘பேக்ஸ்லாஷ் பி’ போடுங்க.

* ‘ஹைஃபன் ஐ’யை ஒட்டி ‘டாட் பேக்’ என்று சேர்த்தால், பழைய ஃபைல் அந்தப் பெயரில் பத்திரமாக இருக்கும்.

எங்களைக் காப்பாற்றியது ரூம்மேட்டின் பென் டிரைவ். அதில் இருந்ததும் ரெண்டு நாள் பழைய காப்பி. அந்த ரெண்டு நாள் அவன் எழுதிய கோடெல்லாம் போச்சு. ஒரு வார்த்தை பேசாமல் விடியும்வரை மறுபடி உட்கார்ந்து அடித்தான். ரிவ்யூவும் தப்பித்தது.

அவன் என்னோடு பேச ஒரு வாரமாச்சு. அதைச் சரிபண்ண மட்டும் எந்த கமாண்டும் இல்லை மச்சி!