முதலில் கண், பிறகு கமரா

ஹெவ்லொக் டவுனிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள்: "மாமா, சுற்றுலா போன இடமெல்லாம் அம்மாவின் போனில் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதி இடம் ஞாபகமே இல்லை. ஏன்?"

கெட்டிக்காரி! இதே கேள்வி லிண்டா ஹென்கல் என்ற அமெரிக்க உளவியலாளருக்கும் வந்தது. அவர் மாணவர்களை ஒரு கலைக்கூடத்துக்கு அழைத்துப் போனார். சில பொருட்களைப் படம் எடுக்கச் சொன்னார். சிலவற்றைச் சும்மா பார்க்கச் சொன்னார். மறுநாள் கேள்வி கேட்டார். படம் எடுத்த பொருட்களைத்தான் அவர்கள் கூடுதலாக மறந்திருந்தார்கள்!

கமரா பார்த்துக்கொள்ளும் என்று மூளை சும்மா இருந்துவிட்டது போலும். நல்ல கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை வாங்கி, மணந்துகூடப் பார்க்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறப்பதுபோல.

அந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது. பொருளின் ஒரு பகுதியை மட்டும், சிலையின் பாதத்தை மட்டும் என்று வையுங்கள், பெரிதாக்கி எடுக்கச் சொன்னபோது ஞாபகம் குறையவில்லை. படத்துக்குள் வராத பகுதிகூட நினைவில் நின்றது. ஆக, குற்றம் கமராவில் இல்லை, கவனிக்காமல் எடுப்பதில்தான். விளங்குகிறதா?

சரி, கண் எப்படிப் பார்க்கிறது என்று அறிய ஒரு சோதனை செய்வோம். கையை நேரே நீட்டிப் பெருவிரலை நிமிர்த்துங்கள். அந்த நகத்தின் அளவுதான் உங்கள் கண்ணுக்கு மிகத் தெளிவாகத் தெரியும் இடம். நம்பிக்கை இல்லையா? இந்த வரியில் ஒரு சொல்லையே உற்றுப் பாருங்கள். கண்ணை அசைக்காமல், நாலு வரி கீழே உள்ளதை வாசியுங்கள் பார்ப்போம். முடியாது!

விழித்திரையின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. கூர்மையான பார்வை அங்கேதான். அதனால் கண் ஒரு செக்கனுக்கு மூன்று தடவை அளவில் இடம் மாறி இடம் மாறித் தாவுகிறது. மிச்சத்தை மூளை ஊகித்து நிரப்புகிறது. "மரம்", "மதில்", "ஓட்டோ" என்று பெயர் வைத்தவுடன் அது அடுத்த வேலைக்குப் போய்விடும்.

1999இல் இன்னொரு வேடிக்கையான அமெரிக்க ஆய்வு வெளிவந்தது. சிலர் பந்து எறிந்து விளையாடும் வீடியோ. வெள்ளைச் சட்டைக்காரர் எத்தனை தரம் பந்தைக் கைமாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டும். நடுவில் கொரில்லா வேசம் போட்ட ஒருவர் வந்து, மார்பில் தட்டிவிட்டுப் போனார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அவரைக் காணவே இல்லை!

கவனித்துப் பார்ப்பதையே பயிற்சியாக்கிப் படம் எடுக்கிறவர்கள் உலகில் இருக்கிறார்கள். அவர்களுடைய வழி எளிது. ஏதாவது ஒன்று கண்ணை இழுத்ததும் நில்லுங்கள். கமராவைத் தொட வேண்டாம். என்னை இழுத்தது எது, நிறமா, நிழலா, சுவரின் சொரசொரப்பா என்று பாருங்கள். பிறகு அதை மட்டும் எடுங்கள். அழகாக வர வேண்டும் என்ற கவலை வேண்டாம். எனக்கு இதில் கடினமானது அப்படி நிற்பதுதான். கை தானாகப் போனுக்குப் போகும்!

அப்படிக் கவனித்துப் பார்த்த உங்கள் கொழும்புக்காரர் ஒருவர் இருந்தார். லயனல் வென்ட், 1900இல் பிறந்தவர். சட்டம் படித்தவர், பியானோ வாசிப்பவர். ஆனால் உலகம் அவரை அறிந்தது கமராவால்தான். அந்தக் காலத்து லைக்கா கமராவில் ஒரு பிலிம் சுருளுக்கு 36 படம்தான். கண்டபடி எடுக்க முடியாது. மீனவரின் தோளில் விழும் வெயிலைக்கூட அவர் ஒரு விசயமாகப் பார்த்தார். 1944இல் காலமானார். கொழும்பு 7இல் அவர் பெயரில் இருக்கும் கலை அரங்குக்கு அப்பாவோடு ஒருநாள் போய் வாருங்கள்.

இனி உங்கள் வேலை. ஹெவ்லொக் வீதியில் பெரியவர் ஒருவரோடு நடந்து போங்கள். ஒரு நிறத்தைத் தெரிவு செய்யுங்கள். மஞ்சள் என்று வைப்போம். கடைப்பலகை, வாழைப்பழக் குலை என்று மஞ்சளை மட்டும் தேடுங்கள். எடுப்பது மூன்றே படம். மனிதர்களை எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். நின்று பார்ப்பது நடைபாதையில்தான், வீதியில் இறங்கி அல்ல. அங்கே ஓட்டோக்காரர் உங்கள் மஞ்சளுக்காகப் பிரேக் போட மாட்டார்!