சொற்குடும்பம் (ஆங்கிலம்)

சொற்குடும்பம் என்பது ஓர் அடிச்சொல்லையும், அதனுடன் முன்னொட்டு அல்லது பின்னொட்டு சேர்வதால் பிறக்கும் சொற்களையும் ஒருங்கே குறிக்கும் மொழியியல் கருத்துரு ஆகும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்போரின் சொல்வளத்தை அளப்பதற்கும், பாடநூல்களுக்குரிய சொற்களைத் தெரிவு செய்வதற்கும் இது பயன்படுகிறது.

அமைப்பு

ஓர் ஆங்கில அடிச்சொல்லிலிருந்து வினை, பெயர், பெயரடை, வினையடை ஆகியவை தோன்றலாம். 'டிசைட்' (முடிவு செய்) என்னும் வினையிலிருந்து 'டிசிஷன்' (முடிவு) என்னும் பெயரும், 'டிசைசிவ்' (முடிவைத் தீர்மானிக்கும்) என்னும் பெயரடையும், 'டிசைசிவ்லி' என்னும் வினையடையும் பிறக்கின்றன. வடிவம் மாறும்போது ஒலிப்பும் மாறுவதுண்டு. 'போட்டோகிராப்' என்பதில் முதல் அசையிலும், 'போட்டோகிராபர்' என்பதில் இரண்டாம் அசையிலும், 'போட்டோகிராபிக்' என்பதில் மூன்றாம் அசையிலும் அழுத்தம் விழுகிறது.

தமிழுடன் ஒப்பீடு

தமிழிலும் இத்தகைய சொல்லாக்கம் உண்டு. அறி என்பதிலிருந்து அறிவு, அறிஞர், அறிவிப்பு, அறியாமை ஆகியவை பிறந்தன. தமிழில் ஒட்டுகள் பெரும்பாலும் அடிச்சொல்லின் பின்னரே வருவதால், இச்சொற்கள் அகராதியில் அருகருகே அமைகின்றன. எதிர்மறைப் பொருள் தரும் அறியாமையும் அவற்றுடனேயே காணப்படும். ஆங்கிலத்தில் எதிர்மறை ஒட்டு பல இடங்களில் சொல்லின் முன்னே வருகிறது. 'பாசிபிள்' (இயலக்கூடிய) ஒரு பக்கத்திலும், 'இம்பாசிபிள்' (இயலாத) வேறொரு பக்கத்திலும் இருக்கும். எனவே அகரவரிசையை மட்டும் பின்பற்றிச் சொற்களை மனனம் செய்யும் தமிழ் மாணவருக்கு இவற்றின் உறவு எளிதில் புலப்படுவதில்லை.

தமிழ்ப் பேச்சு வழக்கில்

ஆங்கிலச் சொற்குடும்பங்களின் தனித்தனி உறுப்புகள் தமிழ்ப் பேச்சில் கலந்துள்ளன. மாவட்ட ஆட்சியரைக் குறிக்கும் 'கலெக்டர்', கடையின் வசூலைக் குறிக்கும் 'கலெக்சன்' ஆகிய இரண்டும் 'கலெக்ட்' (திரட்டு, தண்டு) என்னும் வினையிலிருந்து வந்தவை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில், 1772 இல் உருவாக்கப்பட்ட கலெக்டர் பதவியின் முதன்மைப் பணி நிலவரி தண்டுதல் ஆகும். தமிழில் தண்டு, தண்டல், தண்டற்காரர் ஆகியவை இதே போன்ற உறவுடைய சொற்கள்.

பயண நூலாசிரியர் சோமலெ (1921–1986) பிறந்த நெற்குப்பை உள்ளிட்ட செட்டிநாட்டு ஊர்களில், 'ஏஜண்டு' என்னும் சொல் பள்ளிப் பாடம் வழியாக அன்றித் தொழில் வழியாகவே பரவியது. பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளில் முதலாளியின் சார்பில் பொறுப்பு வகித்தவர் ஏஜண்டு எனப்பட்டார். 'ஏஜன்சி' இதே குடும்பத்தைச் சேர்ந்தது. 'ஆக்ட்', 'ஆக்சன்', 'ஆக்டிவ்' ஆகியவையும் செய்தல் என்னும் பொருள் கொண்ட அதே இலத்தீன் வேரிலிருந்து தோன்றியவை என்பது குறிப்பிடத்தக்கது.

ஆய்வு வரலாறு

வங்காளத்தில் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், இந்திய மாணவர்களுக்கு முதலில் தேவைப்படுவது ஆங்கில வாசிப்புத் திறன் என்று கருதினார். அவர் 1953 இல் வெளியிட்ட பொதுப்பயன்பாட்டுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2000 தலைச்சொற்கள் இடம்பெற்றன. நியூசிலாந்தைச் சேர்ந்த லாரி பவர், பால் நேசன் ஆகியோர் 1993 இல் ஒட்டுகளை அவற்றின் எளிமை, பயன்பாடு ஆகியவற்றின் அடிப்படையில் ஏழு படிநிலைகளாக வகுத்தனர். 2000 ஆம் ஆண்டில் அவெரில் காக்ஸ்ஹெட் உயர்கல்வி நூல்களில் மிகுதியாக வரும் 570 சொற்குடும்பங்களைப் பட்டியலிட்டார். புதினம், நாளிதழ் முதலியவற்றைப் பிறர் உதவியின்றிப் படிக்க 8000 முதல் 9000 வரையான சொற்குடும்பங்கள் தேவை என 2006 இல் நேசன் கணக்கிட்டார்.

கற்றலில் கவனிக்க வேண்டியவை

ஒரு சொல்லை அறிந்தவர் அதன் குடும்பம் முழுவதையும் அறிவார் என்று கொள்ள இயலாது. நார்பர்ட் சுமிட், செரில் சிம்மர்மேன் ஆகியோரின் 2002 ஆம் ஆண்டு ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்கள் ஒரு சொல்லின் நான்கு வடிவங்களில் சிலவற்றை மட்டுமே அறிந்திருந்தனர். பெயர், வினை ஆகியவற்றைக் காட்டிலும் பெயரடை, வினையடை ஆகியவை கடினமாக இருந்தன. படிக்கும்போது பொருளை ஊகிக்க முடிந்த மாணவர், எழுதும்போது உரிய வடிவம் தெரியாமல் தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

மேலும், வடிவ உறவு எப்போதும் பொருள் உறவாக அமைவதில்லை. 'ஹார்ட்' என்பது கடினமான என்று பொருள்படும். 'ஹார்ட்லி' என்பதோ அரிதாக என்று பொருள்படும். 'லேட்' தாமதத்தையும், 'லேட்லி' அண்மைக் காலத்தையும் குறிக்கின்றன. 'இன்வேல்யுவபிள்' என்பதன் பொருள் மதிப்பில்லாத என்பதன்று, விலைமதிப்பற்ற என்பதாகும்.

ஆகவே புதிய சொல்லொன்றைக் குறித்துக்கொள்ளும்போது அதன் வினை, பெயர், பெயரடை, வினையடை வடிவங்களையும் எதிர்ச்சொல்லையும் ஒரே இடத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் அமைத்துப் பார்ப்பது பயனுள்ள முறையாகும். ஒரு குடும்பத்தில் கற்ற பின்னொட்டு, அடுத்துவரும் பல குடும்பங்களை இனங்காணவும் உதவும்.