தெவுந்தரக் கடலின் நிரந்தர வாசிகள்

சப்ரகமுவ மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. இரத்தினபுரி, கேகாலை ஆகிய நமது இரு மாவட்டங்களும் மலைகளாலும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களாலும் ஆனவை. நம்மில் பலருக்குக் கடல் என்பது விடுமுறைப் பயணத்தில் பஸ் ஜன்னலால் தெரியும் ஒரு நீலக் கோடு மட்டுமே. ஆயினும் இறக்குவானையிலிருந்து தெனியாய, அக்குரஸ்ஸ வழியாகத் தெற்கே இறங்கினால், உலகில் இதுவரை வாழ்ந்தவற்றுள் மிகப் பெரிய உயிரினத்தைப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம். அந்த உயிரினம் நீலத் திமிங்கிலம். மாத்தறை மாவட்டத்தின் மிரிஸ்ஸவிலிருந்து டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அதைக் காண்பதற்குப் படகுகள் புறப்படுகின்றன.

"திமி" என்னும் பெரிய மீனையே விழுங்குவது என்ற பொருளில் வந்த வடசொல் திமிங்கிலம். ஆனால் அது மீனல்ல. நம்மைப் போல நுரையீரலால் சுவாசித்து, குட்டி ஈன்று, பாலூட்டும் ஒரு முலையூட்டி. யூனுஸ் நபி (அலை) அவர்களின் வரலாற்றைச் சிறுவயதில் மத்ரஸாவில் கேட்டபோதே கடலின் பெரும் உயிரொன்று நம் மனதில் நீந்தத் தொடங்கிவிட்டது. அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் சென்ற ஸஹாபாக்கள் பசியால் வாடியபோது, கரையொதுங்கிய "அன்பர்" என்ற பிரமாண்டமான கடலுயிர் அவர்களுக்குப் பல நாட்கள் உணவானதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம்.

பெயர் எப்படியிருந்தாலும், நீலத் திமிங்கிலம் பெரிய மீன்களை விழுங்குவதில்லை. அதன் வாயில் பற்களுக்குப் பதிலாகச் சீப்புப் போன்ற தகடுகள் தொங்குகின்றன. வாய் நிறைய நீரை அள்ளி, அத்தகடுகளின் வழியே வெளியே தள்ளி, உள்ளே சிக்கும் சிறு இறால் வகைகளை உண்கிறது. நமது கடலில் வாழ்பவை சற்றுச் சிறிய இனப்பிரிவைச் சேர்ந்தவை. அவையும் 20 மீற்றரைத் தாண்டி வளர்கின்றன. அதாவது இரண்டு பெரிய பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய நீளம்.

இவ்வளவு பெரிய உயிர் கரைக்கு இவ்வளவு அருகில் வருவது ஏன்? இலங்கையின் தென்முனையான தெவுந்தரவுக்கு அருகே கடலடி மேடை மிகவும் ஒடுங்கியது. கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே தரை செங்குத்தாக இறங்கி ஆழ்கடலாகிறது. பருவக்காற்றுகளால் உண்டாகும் நீரோட்டங்கள் தென்கரையில் ஒன்றுசேர்ந்து மேல்நீரை வெளிக்கடலுக்குத் தள்ளும்போது, ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அந்த நீரில் போசணைச் சத்துகள் நிறைந்திருக்கும். அவற்றைக் கொண்டு பிளாந்தன்கள் பெருக, அவற்றை உண்ண இறால்கள் கூட, இறால்களைத் தேடித் திமிங்கிலங்கள் வருகின்றன. டிசம்பரில் தென்கடல் அமைதியாகிவிடுவதால் நாமும் அங்கே போக முடிகிறது. மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்றுத் தொடங்கியதும் தென்கடல் கொந்தளிக்கும். அப்போது திமிங்கிலம் பார்க்க விரும்புவோர் திருகோணமலைப் பக்கம் செல்வர்.

நீண்டகாலமாகப் பாடநூல்கள் கூறி வந்தது வேறு. பெரிய திமிங்கிலங்கள் குளிர்ந்த துருவக் கடல்களில் உணவு உண்டு, வெப்பக் கடல்களுக்கு இனம்பெருக்க மட்டுமே வரும் என்பதே பொதுவான கருத்தாக இருந்தது. 2003 இல் "ஒடிசி" என்ற ஆய்வுக் கப்பலில் பணியாற்றிய இலங்கைப் பெண் ஆஷா டி வொஸ், நமது கடலில் ஆறு நீலத் திமிங்கிலங்களை ஒரே இடத்தில் கண்டார். அவற்றினருகே சிவந்த நிறத்தில் மலம் மிதந்தது. இறால் வகைகளை உண்டால்தான் அந்த நிறம் வரும். அப்படியானால் இவை இங்கேயே உண்கின்றன! பிறர் முகம் சுளிக்கும் ஒரு பொருளே அவருடைய வாழ்நாள் ஆய்வுக்கு வித்தாகியது. இந்தத் திமிங்கிலங்கள் துருவங்களை நாடிச் செல்லாமல் இந்து சமுத்திரத்தின் வடபகுதியிலேயே வாழ்பவை என்பது இன்று அறியப்பட்ட உண்மை. தோட்டத்தில் தேயிலைக்கு உரம் இடுவது போல, அந்த மலமும் இரும்பு முதலிய சத்துகளைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துப் பிளாந்தன்களை வளர்க்கிறது.

கடந்த டிசம்பர் விடுமுறையில் வாப்பா, உம்மா, தம்பி ஆகியோருடன் நானும் போயிருந்தேன். வெலிகாமத்துப் பள்ளிவாசலொன்றில் ஸுபஹ் தொழுதுவிட்டு மிரிஸ்ஸ மீன்பிடித் துறைமுகத்தை அடைந்தோம். உயிர்காப்பு அங்கி அணிந்து படகேறி ஒரு மணித்தியாலம் வரை நீரைத் தவிர எதுவுமில்லை. உம்மா இஞ்சி டொபி கொடுத்துக்கொண்டே இருந்தார். திடீரென்று தூரத்தில், தேயிலைத் தொழிற்சாலையின் மேலே எழும் ஆவியைப் போல, நீராவித் தூண் ஒன்று நிமிர்ந்து நின்றது. அது திமிங்கிலத்தின் மூச்சு. அதன்பின் முதுகு தெரிந்தது. முடிவில்லாததைப் போல அது நீண்டு நகர்ந்துகொண்டேயிருந்தது. தம்பிகூடப் பேச்சை நிறுத்திவிட்டான்.

எங்கள் படகோட்டி இயந்திரத்தைத் தணித்து விலகி நின்றார். ஆனால் சில நிமிடங்களில் வேறு ஐந்து படகுகள் விரைந்து வந்தன. அவற்றுள் ஒன்று திமிங்கிலத்தின் முன்னாலேயே குறுக்கிட்டது. உடனே வால் உயர்ந்தது. அது ஆழத்துக்குப் போய்விட்டது. "நம்மட ஊட்டு முத்தத்துல ஆறு வேன் வந்து ஹோன் அடிச்சா எப்படி ஈக்கும்?" என்றார் வாப்பா.

அந்தக் கேள்வி சிரிப்புக்குரியதல்ல. ஆழத்தில் இரை தேடிவிட்டு மேலே வரும் திமிங்கிலம் அடுத்த முழுகலுக்குப் போதுமான ஒட்சிசனை மேற்பரப்பில்தான் பெற வேண்டும். மூச்சு வாங்கும் முன்பே விரட்டப்பட்டால் அதன் உணவும் ஓய்வும் குறைகின்றன. குட்டியுடன் வரும் தாய்க்கு இது இரட்டைச் சுமை. எனவேதான் 2012 இல் வெளியிடப்பட்ட விதிகள், படகுகள் 100 மீற்றருக்குள் நெருங்கக் கூடாது என்கின்றன.

இதைவிடப் பெரிய ஆபத்தும் அங்கேயே உண்டு. மலாக்கா நீரிணையிலிருந்து சுயெஸ் கால்வாய்க்குச் செல்லும் கப்பல்கள் தெவுந்தர முனையை ஒட்டியே திரும்புகின்றன. அதுவே குறுகிய வழி. கரையருகே ஆழம் இருப்பதால் பெருங்கப்பல்களுக்கும் தடையில்லை. எந்த ஆழம் திமிங்கிலத்துக்கு உணவு தருகிறதோ, அதே ஆழம்தான் கப்பலையும் அதன்மேல் கொண்டுவருகிறது. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கொள்கலன் கப்பலின் முகப்பில் இறந்த நீலத் திமிங்கிலமொன்று சிக்கியிருந்தது. நடுக்கடலில் அடிபட்டு மூழ்குபவற்றைக் கணக்கிட ஆளில்லை.

தீர்வும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. கப்பல் பாதையை 15 கடல் மைல், அதாவது சுமார் 28 கிலோமீற்றர், தெற்கே நகர்த்தினால் மோதும் அபாயம் 95 சதவீதம் குறையும் என றுகுணுப் பல்கலைக்கழக ஆய்வாளர் உள்ளிட்ட குழுவொன்று 2016 இல் கணித்தது. உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனங்களுள் ஒன்றான எம்.எஸ்.சி, 2022 இல் தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே விலக்கிச் செல்லத் தொடங்கியது. ஒரு நிறுவனத்தால் முடிந்தது ஏனையவற்றாலும் முடியும்.

இதில் மலையிலிருக்கும் நமக்கு என்ன பங்கு? நமது தோட்டத்துத் தேயிலை ஜப்பானுக்கோ சீனாவுக்கோ போகும்போது இந்தக் கடலைச் சுற்றியே போகிறது. நம் கையிலுள்ள தொலைபேசியும் பெரும்பாலும் இவ்வழியே வந்ததுதான். படகுப் பயணத்துக்குப் பணம் கொடுப்பவர்களும் நாமே. ஆகவே பெற்றோரே, அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது கட்டணத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். "எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள்?" என்றும் கேளுங்கள். தோழியரே, "இன்னும் கிட்டப் போங்க" என்று படகோட்டியை வற்புறுத்தாதீர்கள். நல்ல படம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. விலகி நின்ற படகோட்டிக்கு நன்றி சொல்லுங்கள். அவரிடமே மற்றவர்களையும் அனுப்புங்கள்.

சுற்றுலாப் பயணிகளைப் போல இவை பருவம் பார்த்து நம் நாட்டுக்கு வந்து போகும் விருந்தாளிகள் அல்ல. இந்தக் கடலே அவற்றின் வீடு. அந்த வீட்டுக்குச் செல்லும் விருந்தாளிகள் நாம்தான். விருந்தாளிக்குரிய ஒழுங்கை நமது மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது: அனுமதியின்றி நுழையாதே, நீண்ட நேரம் தங்கித் தொல்லை கொடுக்காதே. பூமியில் அல்லாஹ்வின் பிரதிநிதிகளாக்கப்பட்ட நாம் கடலிலும் அதைப் பேணுவோமாக.