சிபாரிசுக்கு மட்டுமா காட்ஃபாதர்? முத்துக்கரை சொல்லும் 'ஞானத்தந்தை' கதை!

சினிமாவில் தனக்கு காட்ஃபாதர் யாரும் இல்லை என்று சொல்லாத நடிகர்கள் குறைவு. கைதூக்கிவிட ஆளில்லை என்று அர்த்தம். தாதா கதைகளிலும் இதே சொல்தான். ஆனால் தூத்துக்குடி, மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் அவருக்குப் பெயர் ஞானத்தந்தை. குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு முன்நிற்பவர்.

ஸ்பானிஷ் மொழியில் இவர் 'பத்ரினோ'. பெண் என்றால் 'மத்ரினா'. இருவரையும் சேர்த்துச் சொன்னால் 'பத்ரினோஸ்'. அப்பா என்று பொருள்படும் 'பாத்ரே'யிலிருந்து வந்த சொல். அதே 'பாத்ரே' போர்ச்சுகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்து 'பாதிரி' ஆனது!

மோதிரத்துக்கு ஒருவர், கேக்குக்கு ஒருவர்

ஸ்பெயினில் கல்யாணத்துக்கும் பத்ரினோஸ் உண்டு. பெரும்பாலும் மணமகளின் அப்பாவும் மணமகனின் அம்மாவும்தான் அவர்கள். மெக்சிகோவில் இது இன்னும் விரிவானது. மோதிரத்துக்கு ஒரு ஜோடி, கேக்குக்கு ஒரு ஜோடி என்று செலவையும் பொறுப்பையும் பிரித்துக்கொள்கிறார்கள். நம்மூர் தாய்மாமன் சீர் நினைவுக்கு வருகிறதா? குழந்தையின் அப்பாவும் ஞானத்தந்தையும் அதன்பின் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்று உறவுமுறை வைத்து அழைத்துக்கொள்வார்கள்.

செல்வாக்குள்ள ஆளைப் பிடித்துக் காரியம் சாதிப்பதற்கும் அங்கே பத்ரினோ என்ற சொல்தான். பிலிப்பைன்ஸ் அரசியலில் சிபாரிசு முறைக்கே 'பத்ரினோ' என்று பெயர்.

முத்தோடு வந்த பெயர்கள்

இந்த இரண்டு அர்த்தங்களும் ஒன்றாகக் கலந்த இடம் நம் முத்துக்கரை. 1530-களில் முத்துக்குளிப்பு உரிமைக்காக இங்கே மோதல் முற்றியிருந்தது. கள்ளிக்கோட்டைக் குதிரை வணிகர் ஜோவோ த குருஸ் காட்டிய வழியில், பரதவர்கள் கொச்சியிலிருந்த போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்பு கேட்டார்கள். தொடர்ந்து 1535-37 காலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஒரு சமூகமே தனக்குப் பாதுகாவலரைத் தேடிக்கொண்டது எனலாம்.

முன்நின்ற போர்ச்சுகீசியரின் பெயர்களே குடும்பப் பெயர்கள் ஆயின என்பார்கள். பர்னாந்து, மோத்தா, மச்சாது, கொரைரா, மிராண்டா... இன்றும் தூத்துக்குடித் தெருக்களில் கேட்கும் பெயர்கள். ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்தின் பெயரிலும் அந்த வரலாறு இருக்கிறது.

பெயர் வந்தது. பொறுப்பு? 1542-ல் இங்கு வந்த புனித சவேரியார் அந்த ஆண்டு அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து எழுதிய கடிதத்தில் வருந்துகிறார். விசுவாசம் பற்றிக் கேட்டால், தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் மக்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லித்தர ஆளே இல்லை என்கிறார். ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து, குழந்தைகளுக்குக் கற்றுத்தருவதிலிருந்து அவர் பணி தொடங்கியது.

யார் ஆகலாம்?

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி, ஒருவர் அல்லது ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருவர் முன்நிற்கலாம். பொதுவாக 16 வயது நிரம்பி, உறுதிப்பூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பெற்ற அப்பா, அம்மா ஆக முடியாது. அந்த உறவு எவ்வளவு ஆழமாகக் கருதப்பட்டது என்றால், 1983-ல் புதிய சட்டம் வரும்வரை ஞானப்பெற்றோருக்கும் ஞானப்பிள்ளைக்கும் இடையே திருமணத்துக்கே தடை இருந்தது!

இன்று பலர் வசதியான உறவினரையோ வெளிநாட்டு நண்பரையோ தேடுகிறார்கள். தங்கச் சங்கிலி, போட்டோ, விருந்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் சடங்கில் குருவானவர் ஞானப்பெற்றோரிடம் பரிசு பற்றிக் கேட்பதில்லை. குழந்தையை வளர்ப்பதில் பெற்றோருக்குத் துணைநிற்பீர்களா என்றுதான் கேட்கிறார். அப்பாக்கள் கடலுக்குப் போகும் ஊர்களில் அந்தக் கேள்வியின் கனம் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த முறை யாராவது உங்களை ஞானத்தந்தையாகவோ ஞானத்தாயாகவோ நிற்கச் சொன்னால், நகைக்கடைக்குப் போவதற்கு முன் யோசியுங்கள். பத்து வருடம் கழித்தும் அந்தக் குழந்தை உங்களைத் தேடி வர முடியுமா?