உங்களுக்குத் தெரியுமா? பீரோவுக்குள் ஒரு ரிவால்வர்

★ ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் பெங்களூரு பஸ் ஏறினால், டிராபிக் மட்டும் வழிவிட்டால், ஜூஜுவாடி செக்போஸ்ட்டைத் தாண்டிக் கர்நாடகத்து அத்திப்பள்ளி போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. அதற்குள் துப்பாக்கிக் கணக்கு ஐந்து மடங்காகிவிடுகிறது. மத்திய உள்துறைக் கணக்குப்படி 2016 முடிவில் கர்நாடகத்தில் இருந்த ஆயுத லைசென்ஸ்கள் 1,13,631. தமிழ்நாட்டில் 22,532. உத்தரப் பிரதேசத்தில்? 12.77 லட்சம்!

★ லைசென்ஸ் கையில் இருக்கிறதே என்று ரிவால்வரை இடுப்பில் செருகிக்கொண்டு அத்திப்பள்ளிக்கு டீ குடிக்கப் போக முடியாது. எந்த எல்லைக்குள் செல்லும் என்பது லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். ‘தமிழ்நாடு’ என்று இருந்தால் செக்போஸ்ட்டோடு உங்கள் உரிமை முடிந்தது. அதற்கு அப்பால் அது சட்டவிரோத ஆயுதம். வேலை ஒரு மாநிலத்தில், வீடு இன்னொரு மாநிலத்தில் என்று இருக்கிற நம் பகுதியில் இதை மறந்தால் வம்புதான்.

★ நம் நாட்டில் வீட்டுக் கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .32தான். ஏன்? சினிமாவில் பார்க்கிற 9 மி.மீ. பிஸ்டலும் .38 ரிவால்வரும் ‘தடை செய்யப்பட்ட போர்’ (bore, அதாவது குழல் விட்டம்) வகை. கலெக்டர் கொடுக்க முடியாது, டெல்லிதான் கொடுக்க வேண்டும். கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ஆறு குண்டு ரிவால்வர் ஊரெங்கும் பரவியதற்கு இதுதான் காரணம். 2014இல் பெண்களுக்கென்று அதே கான்பூரில் இருந்து ‘நிர்பீக்’ வந்தது. எடை அரைக் கிலோ, அப்போது விலை சுமார் 1.22 லட்சம். கைப்பையில் எடை குறைந்தது, கடனில் ஏறியது.

★ 2016 ஆயுத விதிகளின்படி விண்ணப்பிக்கும்போதே பாதுகாப்புப் பயிற்சி முடித்ததற்கான சான்று வேண்டும். வீட்டில் பூட்டிப் பத்திரமாக வைப்பேன் என்று எழுத்திலும் கொடுக்க வேண்டும். பீரோவில் புடவைக்கு அடியில் செருகி வைப்பது இந்தக் கணக்கில் சேராது. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில்.

★ ஓசூர் கடல்மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரம். மார்கழி விடியலில் குளியலறை அலமாரித் தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும். இதே எண்ணெயைத்தான் சிலர் ரிவால்வருக்கும் போடுகிறார்கள். சும்மா வைத்தால் நாளடைவில் பிசினாகி, தூசியையும் புகைக்கரியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். குளிரில் சிலிண்டர் சுற்றவே தயங்கும். மண்ணெண்ணெய் நேர் எதிர். அழுக்கை எடுக்கும், பிறகு ஆவியாகி இரும்பை அம்மணமாக விட்டுவிடும். ஒரு மழைக்காலம் போதும், துரு ஏற. டீலரிடம் கிடைக்கும் கன் ஆயில், அதுவும் ஒரே ஒரு சொட்டு, துணியில் தடவித் துடைத்தால் வேலை முடிந்தது. எண்ணெயில் ஊறவைக்க இது ஊறுகாய் அல்ல.

★ சுத்தம் செய்யும் முறையில் முதல் வேலை எண்ணெய் அல்ல, எண்ணிக்கை. சிலிண்டரைத் திறந்து ஆறு அறையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி, தோட்டாக்களை எடுத்துப் பக்கத்து அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். ஊரறிந்த ‘காலித் துப்பாக்கி’ விபத்துகள் எல்லாம் இந்தப் படியைத் தாண்டியவர்கள் செய்தவை. பிறகு ஆள் இல்லாத பக்கம் குழலைத் திருப்பி, பித்தளைப் பிரஷ், அதன் பின் துணித்துண்டு. பெரும்பாலான ரிவால்வர்களின் குழலுக்குள் பின்பக்கமாகப் பிரஷ் கம்பி போகாது, முன்வாயில் இருந்துதான் விட வேண்டும். அந்த வாயின் விளிம்பில் கம்பி உரசித் தேய்ந்தால் குண்டு நேராகப் போகாது. ஆகவே கம்பி நடுவில்தான் ஓட வேண்டும். எல்லோரும் மறக்கிற இடம் ஒன்று உண்டு: சிலிண்டரில் இருந்து வெற்றுத் தோட்டாவைத் தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடிப்பக்கம். அங்கே எரியாத மருந்துத் துகள் ஒன்று சிக்கினாலும் சிலிண்டர் மூடாது. முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கரியில் ஈயம் இருக்கும்.

★ அழகான தோல் உறையில் மாதக்கணக்கில் வைத்தால் துரு பிடிக்கும். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட ரசாயனமும் அதில் மிச்சமிருக்கும். தோல் பெல்ட்டில் செருகிய பித்தளைத் தோட்டா பச்சை பூப்பதும் இதனால்தான்.

★ ஆயுத பூஜையன்று சிப்காட்டில் லேத்துக்கும் பொட்டு, லாரிக்கும் பொட்டு. ரிவால்வருக்கும் வையுங்கள், தவறில்லை. ஆனால் ஈரச் சந்தனத்தை அன்றிரவே துடைத்துவிடுங்கள்.

★ தோட்டாவுக்கும் வயது உண்டு. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். நாள்பட்ட தோட்டா என்பதால் வீரியம் போய்விட்டது என்ற பேச்சு இன்றைக்கும் டீக்கடையில் ஓடும். அந்தப் பேச்சு எப்படியோ, ஈரத்திலும் சூட்டிலும் கிடந்த தோட்டா ஏமாற்றும் என்பது உண்மை. சுத்தம் செய்வதாக நினைத்துத் தோட்டாவையும் எண்ணெய்த் துணியால் துடைப்பவர்கள் உண்டு. அடித்தட்டு வழியே எண்ணெய் இறங்கினால் தோட்டா ஊமையாகிவிடும்.

★ பயிற்சித் திடலில் விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையா? உடனே திறந்து பார்க்காதீர்கள். குழல் இலக்கைப் பார்த்தபடியே அரை நிமிடம் இருக்கட்டும், தாமதமாக வெடிக்கலாம். அதைவிட மோசமானது ‘புஸ்’ என்று சன்னமாக வெடிப்பது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த தோட்டா அதன் முதுகில் மோதினால் குழல் பிளக்கும்.

★ மைக்ரான் கணக்கில் உதிரிபாகம் கடைகிற ஊர் இது. உடைந்த ஃபயரிங் பின்னை நம் தெரு லேத்துக்காரர் டீ ஆறுவதற்குள் கடைந்து கொடுத்துவிடுவார். கொடுத்தால் இருவரும் மாட்டுவார்கள். 1959 ஆயுதச் சட்டத்தில் ‘துப்பாக்கி’ என்றால் அதன் பாகங்களும் சேர்த்தி. செய்யவும் பழுதுபார்க்கவும் தனி லைசென்ஸ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால் குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்.

★ குண்டு செலவில்லாமல் பழக வழி உண்டு: வெறும் விசைப் பயிற்சி. டம்மித் தோட்டா போட்டு, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து, முன்குறி அசையாமல் விசையை இழுத்துப் பழகுவது. சுவருக்கு அந்தப்பக்கம் யார் தூங்குகிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்; லைன் வீட்டுச் சுவர் குண்டைத் தடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. .32க்கு இந்தப் பயிற்சி சரி. .22க்கு வேண்டாம், ஃபயரிங் பின் அறையின் விளிம்பில் மோதி இரண்டும் கெடும்.

★ நிஜத் தோட்டாவைத் தோப்பிலோ ஏரிக்கரையிலோ சுட்டுப் பழகக் கூடாது. அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப்தான் இடம். நடிகர் அஜித்குமார் 2022இல் திருச்சி மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கியதும் கிளப் வழியேதான். செலவைக் குறைக்க .177 ஏர் பிஸ்டல் நல்ல வழி. 20 ஜூலுக்கு மேல் போகாத வரை லைசென்ஸ் தேவையில்லை.

★ கல்யாண ஊர்வலத்தில், திருவிழாவில் வானத்தைப் பார்த்துச் சுட்டு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன குண்டு கீழே வரத்தான் செய்யும்.

★ தேர்தல் அறிவித்தால் கலெக்டர் உத்தரவு வரும்: துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படை. வங்கிக் காவலர்களுக்கும் போட்டி வீரர்களுக்கும் விலக்கு கிடைக்கும். 2024இல் மார்ச் 16 அறிவிப்பு, ஏப்ரல் 19 நமக்கு ஓட்டு, ஜூன் 4 முடிவு. ஆக 80 நாள். வீட்டுக் காவலுக்கு என்று வாங்கியது அத்தனை நாளும் ஸ்டேஷன் அறையில் காவலில் இருந்தது. கொடுக்கும் முன் மெல்லிசாக எண்ணெய் தடவுங்கள். ரசீதில் துப்பாக்கி எண் சரியா என்று அங்கேயே பாருங்கள்.

★ 2021 ஜனவரி 22. ஓசூர் பாகலூர் சாலையில் நகைக்கடன் நிறுவனத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்த கும்பல் சுமார் 25 கிலோ தங்கத்தை அள்ளிச் சென்றது. மறுநாளே ஐதராபாத் பக்கம் பிடிபட்டார்கள். காட்டிக்கொடுத்தது நகைப்பையில் இருந்த ஜி.பி.எஸ்.

★ அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் கதை வேறு. பயிர்க் காவலுக்கு குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்குச் சட்டத்திலேயே தனி இடம் உண்டு. ஆனால் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளும் புழங்குவதால், ‘ஒப்படைத்தால் வழக்கில்லை’ என்று வனத்துறையும் போலீசும் அவ்வப்போது கெடு வைக்கின்றன.

★ குடகில் கொடவர்களுக்கு லைசென்ஸே வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்துச் சலுகை. 2029 வரை நீட்டிப்பு. ‘கைல்போது’ பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுவார்கள்.

★ ஒருவர் அதிகபட்சம் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது 2019 டிசம்பரில் இரண்டாகக் குறைந்தது. லைசென்ஸ் ஆயுள் மட்டும் மூன்று ஆண்டில் இருந்து ஐந்தானது.

★ அப்பா காலமானால் வீடு, நிலம் போல ரிவால்வரும் தானாக மகனுக்கு வந்துவிடாது. உடனே ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் கேட்க வேண்டும். 70 வயது ஆனவரோ, 25 ஆண்டு துப்பாக்கி வைத்திருந்தவரோ உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றவும் விதியில் வழி இருக்கிறது.